அங்கே இல்லாதவர் பெயர்

2023 ஆகஸ்ட் 10, வியாழக்கிழமை. காலையில் வாசல் தெளித்து, இட்லி ஊற்றி, மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு, சித்தூர் பேருந்து நிலையத்தில் வழக்கமான வண்டியைப் பிடித்தேன். பாலசமுத்திரம் மண்டலத்தில் எங்கள் பள்ளிக்கூடம். தெலுங்குப் பிரிவும் தமிழ்ப் பிரிவும் ஒரே கட்டடத்தில் நடந்தன. தலைமையாசிரியர் பயிற்சிக்காகத் திருப்பதி போயிருந்தார். மூத்த ஆசிரியை என்பதால் பொறுப்பு என்னிடம் இருந்தது.

வியாழன் ராகி ஜாவா நாள். ஜாவா என்றால் கேழ்வரகு மாவில் வெல்லம் போட்டுக் காய்ச்சும் கூழ். வாரத்தில் மூன்று நாள் காலையில் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். சமையல் செய்யும் முனியம்மா இரண்டு குண்டான்களில் காய்ச்சி வைத்திருந்தார். ஓர் ஆசிரியர் முதலில் குடித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் குண்டானிலிருந்து அரை டம்ளர் வாங்கிக் குடித்தேன். நன்றாகவே இருந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்து வாங்கினார்கள். ஊற்றி முடித்ததும் முனியம்மா, மதியச் சமையலுக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அது தினமும் நடப்பதுதான். மணி அடித்தது, பிரார்த்தனை முடிந்தது, எட்டாம் வகுப்புக்குப் போனேன்.

எல்லைப்புறப் பள்ளிகளுக்குத் தமிழாசிரியர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இந்த ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். இலக்கணம் நடத்துவது எப்படி, தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு ழகரம் வரவைப்பது எப்படி என்பதையெல்லாம் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். கதைகளை நடத்தும்போது நாம் செய்கிற ஒரு தவறு மட்டும் தானாகத் தெரியவராது. கதையில் பொய் சொல்லிப் பிறர்மேல் பழி போடுகிறவனைக் கெட்டவன் என்று சொல்லி, கரும்பலகையில் நீதியை எழுதி, பாடத்தை முடித்துவிடுகிறோம். முப்பது வருடம் நானும் அப்படித்தான் முடித்தேன். இலக்கியத்தில் பழி போடுகிறவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அதை வகுப்பில் வாயால் சொல்வது சுலபம். அன்று ஆசிரியர் அறையில் அதை நேரில் பார்க்க நேர்ந்தது.

அன்றைய வகுப்பில் நானே கட்டிய ஒரு கதையைச் சொன்னேன். அரசனுக்குப் பிடித்த கண்ணாடி விளக்கு உடைந்து கிடக்கிறது. உடைத்தவன் கையை வெட்டுவேன் என்கிறான் அரசன். காவல்காரன் பணிப்பெண்ணைக் காட்டுகிறான். பணிப்பெண் சமையல்காரனைக் காட்டுகிறாள். சமையல்காரன், ஊருக்குப் போயிருக்கும் தோட்டக்காரன் பெயரைச் சொல்கிறான். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். உண்மையில் விளக்கைத் தள்ளியது பூனை. இதில் கெட்டவர் யார் என்று கேட்டேன்.

“சமையல்காரன் மேடம்” என்றார்கள் பாதிப் பேர்.

“அவன் இன்னா பண்ணுவான்? கை போய்ட்டா எப்டி சமைப்பான்?” என்று ஒரு பையன் அவனுக்காக வாதாடினான். “தோட்டக்காரன் அங்க இல்ல. இருந்தா ‘நான் எங்கடா ஒடச்சேன்’னு சட்டையப் பிடிப்பான். அதான் அவன் பேரச் சொல்லிட்டான்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “எங்க ஊட்லயும் அப்டித்தான் மேடம். பால் பொங்கி ஊத்திக்கினா எங்க நைனா மேல சொல்லிடுவோம்.”

“அப்பா கேட்க மாட்டாரா?”

“அவரு பெங்களூர்ல கீறாரு மேடம்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஆறாம் வகுப்பு ஆசிரியை வாசலில் வந்து நின்றார். மூன்று பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள், திவ்யா என்ற சிறுமிக்குக் கை நடுங்குகிறது என்றார்.

நான் போய்ப் பார்ப்பதற்குள் மூன்று ஆறானது. மற்ற ஐந்து பேரும் அழவாவது செய்தார்கள். திவ்யா அழவில்லை; வாயோரம் எச்சில் வழிய, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். 108-க்குச் சொன்னோம். அது வரும்வரை காத்திருக்காமல் ஐந்து பேரை ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். வண்டி வந்ததும் திவ்யாவைச் சித்தூருக்கு ஏற்றினோம். கூட ஓர் ஆசிரியை போனார். பிறகு மீதி ஆசிரியர்கள் எல்லோரையும் ஆசிரியர் அறைக்கு வரச் சொன்னேன்.

அறையில் எனக்கு முன்பே பதில் தயாராக இருந்தது.

“முனியம்மா பாத்திரம் சரியா கழுவல மேடம்” என்றார் ஹரிநாத். கணக்கு ஆசிரியர், வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. மாவு, வெல்லம், அரிசி இருக்கும் சாமான் அறைக்கு அவர்தான் பொறுப்பு. தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார்.

“ஆமா, குண்டான் சரியா கழுவியிருக்க மாட்டா” என்றார் இன்னொருவர்.

“நேத்தே பார்த்தேன், பாத்திரம் பிசுபிசுன்னு இருந்திச்சு” என்றார் மூன்றாமவர்.

நேற்று பார்த்தவர் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் அவர் இன்னொரு பொய்யைத் தேட வேண்டியிருக்கும். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள் என்பதையும், அந்த வாக்கியத்தில் இருந்த ஒரே ஆள் அந்த அறையில் இல்லை என்பதையும் மட்டும் கவனித்தேன். அரைமணி நேரத்துக்கு முன் எட்டாம் வகுப்புப் பையன் சொன்னது காதில் ஓடியது.

அதற்குள் முனியம்மாவை அழைத்துவந்தார்கள். வழியிலேயே யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். உள்ளே வரும்போதே கையை உதறிக்கொண்டு வந்தார்.

“எனுக்கு ஒண்ணுந் தெரியாது மேடம். கொடுத்த மாவு, கொடுத்த வெல்லம். நான் இன்னா ஊட்லேருந்தா எட்துக்கினு வந்தேன்? பெரிய கிளாஸ் பசங்க சாமான் ரூமாண்டதான் சுத்திக்கினு கெடந்தானுங்க. அவனுங்க இன்னாத்தப் போட்டானுங்களோ!”

அவரும் அங்கே இல்லாதவர்கள் பெயரைத்தான் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். பழிக்கு ஆளாகிறவர் எப்போதும் உண்மை பேசுவார் என்பது நாம் பாடப்புத்தகத்தில் படித்த ஒழுங்கு. வாழ்க்கையில் அவருக்கும் பயம் உண்டு.

அந்த நேரத்தில் சுகாதார நிலையத்து மருத்துவர் போனில் வந்தார். “மேடம், பாத்திரம் கழுவாததால் இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகாது. கடைசியாக வாங்கிய பிள்ளைகளுக்குத்தான் ஆகியிருக்கிறது போலிருக்கு, அவர்களே சொல்கிறார்கள். அடியில் ஏதோ தங்கியிருக்கிறது. ஏமி கலிசிந்தி? அதி செப்பண்டி.” என்ன கலந்தது, அதைச் சொல்லுங்கள் என்கிறார். சித்தூருக்குப் போகிற குழந்தைக்கு என்ன மருந்து கொடுப்பது என்பதை அங்கே அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்றும் சொன்னார். லைனில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை மேசைமேல் வைத்தேன்.

அப்போது எனக்குப் பலமனேர் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு பள்ளியில் இருந்தேன். நூலக அலமாரியின் கண்ணாடி உடைந்துவிட்டது. அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் கண்டிப்புக்குப் பேர்போனவர். “உடைத்தவன் வெளியே வரும்வரை ஒருவனும் வீட்டுக்குப் போகக் கூடாது” என்று பத்தாம் வகுப்பை மைதானத்தில் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் கை தூக்கி, நான்தான் என்றான். அடி வாங்கினான். பெற்றோரைக் கூப்பிட்டு டி.சி. கொடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அவன் கிராமத்துக்கு மாலையில் ஒரே ஒரு பேருந்து. அதை விட்டால் மலைப்பாதையில் தனியாக நடக்க வேண்டும். நடப்பதைவிட அடி தேவலை என்று முடிவு செய்திருக்கிறான். தலைமையாசிரியர் ஒரு பெயர் கேட்டார். அவருக்கு ஒரு பெயர் கிடைத்தது. பயத்தில் வருகிற ஒப்புதலும் பொய்தான் என்று நான் தெரிந்துகொண்டது அங்கே.

யார் என்று கேட்டால் ஓர் ஆள்தான் பதிலாக வர முடியும். என் கதையில் ‘யார்’ என்று அரசன் கேட்டதால்தான் பூனை கடைசிவரை வெளியே வரவில்லை. ‘யார்’ என்று மருத்துவர் கேட்கவில்லை. அவருக்குத் தேவை பொருளின் பெயர்.

அறையில் இருந்தவர்களிடம் இப்படிச் சொன்னேன்: “இன்றைக்குப் பொறுப்பு நான். அறிக்கையில் முதல் பெயர் என் பெயர். யார் என்ன செய்தது என்று இப்போது நான் கேட்கப் போவதில்லை. திவ்யா வண்டியில் போய்க்கொண்டிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலத்துக்கும் இன்று காலைக்கும் நடுவில் அந்தச் சாமான் அறைக்குள் புதிதாக என்ன வந்தது? பொருளின் பெயர் மட்டும் போதும்.”

மேசைமேல் இருந்த போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

முனியம்மாதான் முதலில் வாய் திறந்தார். குரல் இறங்கியிருந்தது. “மூட்டையாண்ட கீழ கொஞ்சம் வெல்லம் கொட்டிக் கெடந்துச்சு மேடம். வேஸ்ட் பண்ணா திட்டுவாங்கன்னு அதையும் வழிச்சுப் போட்டேன். ரெண்டாவது குண்டான்ல. அதுல வெள்ளையா மாவு மாரி இருந்துச்சு. ராகி மூட்டைக்குப் பக்கத்துலயே கோதுமை மாவு கீதே, அதுன்னு நெனச்சேன்.”

அவர் சொல்லி முடிக்கும் முன்பே ஹரிநாத் குறுக்கிட்டார்.

“எறும்புப் பவுடர்” என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே, “பாக்கெட் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“பைக்ல இருக்கு.”

ஓடினார். பாக்கெட்டைக் கொண்டுவந்தார். அதில் இருந்த மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். மருத்துவர் ஒருமுறை திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, “சரி. இது தெரிந்தால் போதும். சித்தூருக்கு நானே பேசுகிறேன்” என்று வைத்துவிட்டார். மதியத்துக்குள் ஐந்து பேரும் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டார்கள். திவ்யாவுக்கு நடுக்கம் நின்றது, இரவு மட்டும் பார்த்துக்கொண்டு காலையில் அனுப்பிவிடுவார்கள் என்று கூடப் போன ஆசிரியை மாலையில் பேசினார்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை மேலதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. வெல்ல மூட்டையில் எறும்பு ஏறியிருந்தது. எறும்பைக் கண்டால் குறிப்பு எழுதுவார்கள் என்று பயந்து, ஹரிநாத் முந்தின நாள் மாலை மூட்டையைச் சுற்றிப் பவுடர் தூவிவிட்டுப் போனார். முனியம்மாவிடம் சொல்லவில்லை, அவர் அதற்குள் கிளம்பியிருந்தார். காலையில் சொல்லலாம் என்று இருந்தவர், வழியில் பைக் பஞ்சராகி, ஜாவா ஊற்றிய பிறகுதான் வந்து சேர்ந்தார். ஒரு பயம் பவுடரைத் தூவியது. வீணாக்கினால் திட்டுவார்கள் என்ற இன்னொரு பயம் அதை வழித்துக் குண்டானில் போட்டது. இரண்டு பேரில் ஒருவரும் பிள்ளைகளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாலை நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவர் திவ்யாவின் அப்பா கோவிந்தனின் தம்பி. கோவிந்தன் ஆஸ்பத்திரியில் மகளோடு இருந்தார்.

“இனிமே அந்தம்மா அடுப்பாண்ட வரக்கூடாது மேடம். அவ்ளோதான். நாங்க முன்னாடியே சொன்னோம். யார் கேட்டாங்க?”

“எதை முன்னாடி சொன்னீர்கள்?” என்றேன்.

அவர் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். வாயால் சொல்லத் தேவையும் இல்லை. முனியம்மா காலனியைச் சேர்ந்தவர். அவர் கையால் தம் பிள்ளை சாப்பிடுவதில் முகம் சுளித்த சில வீடுகள் அந்த ஊரில் முன்பே இருந்தன. தண்ணீர் பள்ளம் பார்த்துப் பாயும். பொய்யும் அப்படித்தான். ஏற்கெனவே சாய்ந்திருக்கிற பக்கம் போய்ச் சேரும்.

பாத்திரம் கழுவவில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது என்று விசாரித்தேன். காலையில், ஆசிரியர் அறைக்கு வருவதற்கு முன்பே, ஹரிநாத் பெற்றோர்களுக்குப் போன் செய்திருக்கிறார். ஆறு வீட்டுக்கும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னவரிடம் ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். அவர் வாயில் முதலில் வந்த பெயர் அது. நான் கூட்டத்திடம் நடந்ததைச் சொன்னேன். “நீங்க அந்தம்மாவக் காப்பாத்தறதுக்குச் சொல்றீங்க” என்று கலைந்து போனார்கள். எப்போதும் முதலில் போய்ச் சேர்ந்த கதைக்குத்தான் வலு அதிகம்.

அலுவலக அறையில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஹரிநாத் எதிரே நின்றார்.

“மேடம், எப்படி நடந்ததுன்னு தெரியலன்னு எழுதிட முடியாதா? ப்ரொபேஷன் முடியல. நா உத்யோகம் போத்துந்தி.” பயம் வந்தால் அவர் தெலுங்குக்குப் போய்விடுவார். வேலை போய்விடும் என்றார்.

“முனியம்மாவுக்கும் உத்தியோகம்தானே இது” என்றேன்.

“அவங்களுக்கு நான் ஏதாவது உதவி செய்யறேன். வேற எடத்துல...”

“ஹரி, ஜாவாவில் பவுடர் கலந்ததற்கு உங்களை யாரும் தூக்கில் போட மாட்டார்கள். தெரியாமல் நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்களைப் பற்றியும் முனியம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பாக்கெட் எங்கே இருக்கிறது என்று நீங்கள் உடனே சொன்னதையும் எழுதுகிறேன்.”

எழுதி முடித்து அவரிடமே படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

“இந்த அறிக்கை சித்தூருக்குப் போகும். ஊருக்கு யார் போவது?” என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை.

“பொய் ஆறு வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த ஆறு வீட்டிலும் யாரும் என் அறிக்கையைப் படிக்கப் போவதில்லை.”

“கோவிந்தன் அடிச்சிடுவார் மேடம்.”

அது வெறும் சாக்கு இல்லை. கோவிந்தனுக்குப் பேச்சைவிடக் கை முந்தும் என்பது ஊரறிந்த விஷயம். அடிக்க மாட்டார் என்று நானும் உறுதி சொல்லவில்லை. போகச் சொல்லி உத்தரவிடவும் இல்லை. உத்தரவிட்டால் எனக்குப் பயந்து போவார். ஒரு பயத்தைத் துரத்த இன்னொரு பயத்தைக் கூட்டிவருவதில் அர்த்தம் இல்லை. நாளைக் காலை சீக்கிரமாக வந்து முனியம்மா வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வேலை போகவில்லை. ப்ரொபேஷன் சில மாதம் தள்ளிப்போனது. சாமான் அறையில் மருந்து எதுவும் வைக்கக் கூடாது என்று எல்லாப் பள்ளிக்கும் சுற்றறிக்கை வந்தது. பார்வையிட வந்தவர்கள் எறும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் போய் இறங்கினேன். காலனி முனையில் ஹரிநாத்தின் பைக் நின்றிருந்தது. அவர் முனியம்மா வீட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஊருக்குள் நடந்தார். நானும் கொஞ்சம் தள்ளிப் பின்னால் நடந்தேன்.

முதல் வீடு கோவிந்தனுடையது. அதிகாலையிலேயே மகளைக் கூட்டிவந்திருந்தார். திவ்யா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். ஹரிநாத் வாசலில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொன்னார். பவுடர் போட்டது தான் என்றும், பாத்திரம் கழுவவில்லை என்று போனில் சொன்னது பொய் என்றும் சொன்னார். கோவிந்தன் கையைத் தவிட்டுத் தண்ணீரிலிருந்து எடுத்தார். உதறினார். நிமிர்ந்தார். நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

“அந்தம்மாவாண்ட சொன்னியா?”

“அங்கதான் மொதல்ல போனேன்.”

“அது இன்னா சொல்லிச்சு?”

“‘எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எனுக்குத்தான் தெரியுமே. எந்தெந்த ஊட்டுக்குச் சொன்னியோ அங்கெல்லாம் போய்ச் சொல்லிட்டு வா, அப்புறம் அடுப்பு பத்த வெக்கறேன்’ன்னாங்க.”

கோவிந்தன் மாட்டுப் பக்கம் திரும்பிக் குனிந்து மறுபடியும் தவிட்டைக் கலக்க ஆரம்பித்தார்.

“அப்ப ஏன் இங்கயே நின்னுக்கினு கீற? இன்னும் அஞ்சு ஊடு கீது. பசங்களுக்குச் சோறு ஆவணும். போ.”